தாய்மாமனைக் கட்டிய மலர்கொடி

மலர்கொடிக்கு ஒரு கர்வம் உண்டு. அந்நியர் வீட்டு வாசலை மிதிக்காமல், அம்மாவின் தம்பி ராசாங்கத்தையே கட்டிக்கொண்டவள் என்ற கர்வம். ரஞ்சன்குடியில் அவள் வீட்டுத் தெருவில்தான் நான் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வரும்போதெல்லாம், "எங்க மாமா என்னைய ஒரு சுடுசொல் சொன்னதில்லக்கா" என்பாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் மூடமாட்டார்.

சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடும் குடும்பம். தலைச்சன் பையன் கைக்குழந்தையிலேயே வயிறு வீங்கிச் செத்துப்போனான். காமாலை என்றார்கள். அடுத்துப் பிறந்தவள் கவிதா. அவளுக்கும் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. பூச்சி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் கட்டி என்று யாரோ சொல்ல, மலர்கொடியின் அம்மா பூமாலை பேத்தியைப் பக்கத்து ஊருக்குத் தூக்கிப்போய் இடது விலாவுக்குக் கீழே சூடு போட்டுக் கொண்டுவந்தாள். பாவாடை அளவெடுக்கும்போது அந்தத் தழும்பைப் பார்த்தேன். அன்று பூமாலையை நான் கேட்ட கேள்வியில் அவள் இன்றுவரை என் கடைப் பக்கம் வருவதில்லை. வராவிட்டால் போகட்டும்.

பிள்ளை கால் எலும்பு வலிக்கிறது என்று அழ ஆரம்பித்த பிறகுதான் திருச்சிக்குப் போனார்கள். ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிச் சோதித்தார்கள். முடிவு கேட்கப் போன அன்று வெங்காய அறுவடை. ராசாங்கத்தால் நகர முடியவில்லை. துணைக்கு நான் போனேன்.

டாக்டர் வளர்மதி பொறுமைசாலி. ஒரு தாளில் பெரிய வட்டம் போட்டு, உள்ளே குட்டிக் குட்டிப் பைகளை வரைந்தார்.

"இந்தப் பெரிய வட்டம் உடம்புல இருக்கிற ஒரு செல். உள்ள இருக்கிற பைக்கு லைசோசோம்னு பேரு. சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு, உள்ள புளிப்பான சாறு. அந்தச் சாறுல என்சைம்கள் இருக்கும். செல்லுல தேய்ஞ்சது, உடைஞ்சது, வெளியிலேர்ந்து வந்த கிருமி எல்லாத்தையும் இந்தப் பைதான் செரிக்கும். உங்க பொண்ணுக்கு அதுல ஒரு என்சைம் சரியா வேலை செய்யல. ஒரு வகைக் கொழுப்பு செரிக்காம பைக்குள்ளயே தேங்குது. பை உப்பி, செல் உப்பி, மண்ணீரலும் கல்லீரலும் வீங்கிடுச்சு. எலும்புக்குள்ளயும் அதான்."

"குப்ப அள்ளுற ஆளு வராத தெரு மாதிரிங்களா?" என்று மலர்கொடி கேட்டாள்.

"அதேதாம்மா. இல்லாத என்சைமை ஊசி மூலமா ஏத்தலாம். ஆயுசுக்கும் ஏத்தணும். அரசாங்கத்துக்கு மனு போடுவோம். நீங்க சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?"

"தாய்மாமனையேதாங்க" என்றாள். அப்போதும் அந்தக் குரலில் பெருமை இருந்தது.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இந்தக் குறை மறைஞ்சு இருந்தா, ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு இப்படி ஆக வாய்ப்பிருக்கு. ஒரே ரத்தத்துல கட்டினா ரெண்டு பேர்கிட்டயும் அது இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. முன்னாடி ஏதும் குழந்தை தவறுச்சா?"

மலர்கொடியின் முகத்தில் ரத்தமே இல்லை. செத்த பிள்ளைக்குக் காமாலை என்று வேளைக்கு வேளை கீழாநெல்லி அரைத்து ஊற்றியவள் அவள்.

பஸ்ஸில் திரும்பினோம். பாடாலூர் வந்ததும் என் கையை இறுகப் பிடித்தாள். "அக்கா... புவனேஸ்வரி!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புவனேஸ்வரி அவள் தங்கை. ராசாங்கத்தின் தம்பி பாலசுந்தரத்துக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவனும் தாய்மாமன். வரும் வெள்ளிக்கிழமை பரிசம்.

மலர்கொடி அன்று மாலையே தாய்வீட்டுக்குப் போய், இரண்டு பேரும் முதலில் ரத்தம் கொடுத்துப் பார்க்கட்டும் என்றாள். புவனேஸ்வரி சரி என்றாள். பூமாலை தலையில் அடித்துக்கொண்டாள். "எந் தம்பி ரத்தத்துல குத்தமா? ஒனக்கு ஒரு வாழ்க்க, தங்கச்சிக்கு ஒரு வாழ்க்கயாடி?" பாலசுந்தரம் மீசையைத் தடவிக்கொண்டு, "எனக்கென்ன நோவு? கல்லு மாதிரி இருக்கேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கல் மாதிரி இருக்கிறானாம்! ராசாங்கமும் அப்படித்தான் இருக்கிறான்.

வெள்ளிக்கிழமை பந்தல் போட்டு, பாய் விரித்து, தாம்பூலத் தட்டு வைத்தாகிவிட்டது. புவனேஸ்வரி பட்டுப் புடவையில் தலையைக் குனிந்திருந்தாள். சித்தியின் மடியில் கவிதா. பூமாலை தட்டைத் தூக்கும்போது மலர்கொடி எழுந்தாள்.

"தட்ட மாத்தாதீங்க. மொதல்ல ரத்தத்தப் பாருங்க. எம் புள்ள மாதிரி இன்னொரு புள்ள இந்த வூட்டுல பொறக்கவே வேணாம்!"

ராசாங்கம் வாயைப் பொத்திக்கொண்டான். அப்போதுதான் அந்தச் சின்னக் குரல் கேட்டது.

"ஏம்மா, நான் பொறந்திருக்க வேணாமா?"

கோபமில்லை, அழுகையில்லை. சந்தேகம் கேட்பதுபோல் கேட்டது. மலர்கொடி மகளை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

பாலசுந்தரம் எழுந்தான். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் கவிதாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அக்காள் பூமாலையின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தான். "நாளைக்குத் திருச்சிக்குப் போறேன். புவனாவும் வரட்டும். மத்தது அப்பறம்" என்றான்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கவிதா மட்டும் சித்தப்பாவின் தோளில் இருந்தபடி, பதிலுக்காக அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.