அம்மாவைச் சுற்றிக் கறுப்பு வேண்டாம்

என் கல்யாணத்தை நான் இதுவரை ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். ஆசைப்பட்டு இல்லை, தலையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வெள்ளானூரில் அப்பா வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே கெட்டிமேளம் கேட்கும். ஹாலில் ஐம்பத்தைந்து அங்குல டிவியில் நான் மணமேடையில் உட்கார்ந்திருப்பேன், இன்றைக்கு இருப்பதைவிட அகலமாக. பக்கத்தில் என் வீட்டுக்காரர், மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் மாதிரி. கல்யாணத்தன்று அந்த மனுஷர் காற்றடித்தால் பறந்துவிடுகிற ஒல்லி. சொன்னால் யார் நம்புவார்கள்?

எல்லாம் நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. அம்மா போய் இரண்டு மாதம் ஆனபோது, அவள் நடமாடுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று அப்பா கேட்டார். போட்டோ நிறைய இருந்தது. வீடியோ என்று தேடினால் என் கல்யாண கேசட் ஒன்றுதான், பரண்மேல் பழைய குக்கருக்குள் கிடந்தது. அம்பத்தூரில் கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிற கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "பூஞ்ச பூத்துகினு கீதுக்கா. தொடச்சிப் பாக்கறேன். வந்தா உன் அதிர்ஷ்டம்" என்றார். வந்தது. என் அதிர்ஷ்டம்தான், வேறென்ன.

முதல் காட்சியிலேயே அம்மா. மண்டபத்து வாசலில் பன்னீர்ச் சொம்போடு நின்று வருகிறவர்களுக்கெல்லாம் தெளித்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பிறகு முகம் மாறியது.

"இன்னாமா இது, ரெண்டு பக்கமும் கறுப்பு?"

நான் பொறுமையாகத்தான் விளக்கினேன். அந்தக் காலத்துக் கேமரா எடுத்த படம் கிட்டத்தட்ட சதுரம். நாலு பங்கு அகலம் என்றால் மூன்று பங்கு உயரம். இந்தக் காலத்து டிவி நீட்டு. சதுரத்தைக் கொண்டுபோய் நீட்டில் வைத்தால் இரண்டு பக்கமும் மிச்சம் விழும். அந்த மிச்சம்தான் கறுப்பு. படத்தில் எந்தக் குறையும் இல்லை.

"அதெல்லாம் செரிமா. உங்கம்மா செத்தப்போ தெருமுனைல பேனர் கட்டுனாங்களே, கண்ணீர் அஞ்சலின்னு. சுத்திக் கறுப்புக் கோடு போட்டு. பதினாறு நாளும் பால் வாங்கப் போவ சொல்லோ அத்தப் பாத்துகினுதான் போனேன். ஊட்டுக்குள்ளயும் அவளச் சுத்திக் கறுப்பு வோணாம். எடுத்துரு."

ரிமோட்டை வாங்கி 'ஜூம்' போட்டேன். கறுப்பு போயிற்று. கூடவே மேலேயும் கீழேயும் வெட்டிப்போயிற்று. தாலி கட்டுகிற நேரத்தில் என் பின்னால் நிற்கிற அம்மாவுக்குத் தலை இல்லை. "ஐயையோ, தலைய வெட்டிட்டியே!" என்று பதறினார். அடுத்து 'ஃபுல்' போட்டேன். படம் பக்கவாட்டில் இழுபட்டுத் திரையை அடைத்துக்கொண்டது. தலையும் இருந்தது, காலும் இருந்தது. ஆனால் மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் இருபது கிலோ ஏறிவிட்டது.

"ஆங், இது போதும்" என்றார் அப்பா.

போதுமாம்! யார் இதைச் சொல்வது? ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். முடியளவு கூடக் குறைய இருந்தால் அந்தப் பார்ட்டைத் தூக்கிக் கடாசிவிட்டு வருகிற ஆள். இந்த வீட்டைக் கட்டும்போது நிலைப்படி கோணல் என்று மேஸ்திரியை மூன்று தடவை பிரிக்க வைத்தார். அம்மா ஊற்றிய தோசை வட்டமாக இல்லை என்று ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவந்து தட்டில் வைத்து அளந்து காட்டியவர். அன்றைக்கு அம்மா தோசைக்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "அப்ப நீயே சுட்டுத் துன்னு" என்று எழுந்து போனாள். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு, பெற்ற பெண்ணும் கட்டின பெண்டாட்டியும் பூசணிக்காயாகத் தெரிவது கண்ணில் படவில்லையாம்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் சண்டை. நான் போனதும் கறுப்போடு இருக்கிற 'ஒரிஜினல்' வைப்பேன். டீ போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் 'ஃபுல்'லுக்குப் போயிருக்கும். மறுபடி மாற்றுவேன். அவர் ரிமோட்டை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

"அப்பா, அம்மா இவ்வளவு குண்டா என்ன? இது அம்மாவே இல்லப்பா."

"எனுக்குத் தெரியும், யாருன்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா ஒல்லி. பிறந்ததிலிருந்து ஒல்லி. ரவிக்கைக்குத் துணி எடுத்தால் பாதி மிஞ்சும். அவளை யாரோ ஒரு பருத்த பெண்மணியாக்கி நாள் முழுக்க ஓடவிடுவது அவளுக்குச் செய்கிற அநியாயம் என்று நிஜமாகவே நினைத்தேன். அதுவும் தலைத்திதி நெருங்கிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் வருவார்கள், சாப்பாடு முடிந்ததும் இதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். என் மாமியார் வருவார். தன் பிள்ளையை டேங்க் வடிவத்தில் பார்த்துவிட்டு அவர் பேசப்போவதை ஆயுசு முழுக்க நான்தானே கேட்க வேண்டும்?

விடுவதாயில்லை. பூந்தமல்லியில் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வீடியோவை வெட்டி ஒட்டுவது என் தலையில்தான் விழும். அந்தப் பழக்கத்தில் லேப்டாப்பை எடுத்து உட்கார்ந்தேன். நடுவில் படம் அதன் சரியான அளவில், இரண்டு பக்கமும் கறுப்பு இருந்த இடத்தில் அதே படத்தையே பெரிதாக்கி மங்கலாக வைத்தேன். டிவி செய்திகளில் செல்போன் வீடியோவைக் காட்டும்போது செய்வார்களே, அதேதான். மூன்று மணி நேர வீடியோ. ஒரு வாரம் சாயங்காலம் முழுக்க அதற்கே போயிற்று. வீட்டில் உப்புமாவைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை, யாருக்கும் தலை போகவில்லை, யாரும் குண்டாகவும் இல்லை. இனி என்ன சாக்குச் சொல்வார், பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

போட்டேன். வாசலில் அம்மா, பன்னீர்ச் சொம்போடு. அம்மாவேதான், அதே அளவு. மேடைக் காட்சி வந்தது. பின்சுவரில் மண்டபத்துக் கடிகாரம், நல்ல வட்டமானது. படத்தை நிறுத்திவிட்டு, அவருடைய மேஜை டிராயரிலிருந்து அதே ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவந்து திரையில் வைத்தேன்.

"பாருங்க. அகலம் பன்னெண்டு சென்டிமீட்டர், உயரம் பன்னெண்டு. நீங்க பாக்கறதுல இது வட்டமே இல்ல, முட்டை. உங்க ஸ்கேல்தானே? இப்பவாவது ஒத்துக்கங்க."

"பதினாறுக்குப் பன்னெண்டு" என்றார்.

"என்னது?"

"நான் பாக்கறதுல அகலம் பதினாறு, ஒசரம் பன்னெண்டு. நீ பென்டிரைவ் கொண்டாந்த அன்னிக்கே, உன்ன அனுப்பிட்டு வந்து அளந்துட்டேன்."

"அப்புறம் ஏன்ப்பா என் உயிர வாங்கினீங்க? ஒரு வாரம் உக்காந்து செஞ்சிருக்கேன்! கறுப்புதானே வேணாம்னீங்க? அதுதான் இல்லையே!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. என்னிடமிருந்து ரிமோட்டை வாங்கி, படத்தைப் பின்னால் ஓட்டி, வாசலில் நிற்கிற அம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நல்லாப் பாரு. இது எந்த மூஞ்சி?"

பார்த்தேன். துருத்திக்கொண்டிருக்கிற கன்னத்து எலும்பு. ஒட்டிய தாடை. கழுத்தெலும்பின் மேல் தாலிச் சரடு. அப்போது அவளுக்கு ஒரு நோயும் இல்லை, உடல்வாகே அப்படி. ஆனால் அப்பா கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்தாளே, அந்த மூஞ்சி" என்றார் அப்பா. "எட்டு மாசம் இத்தத்தானே பாத்துகினு இருந்தேன். ரெண்டு ஸ்பூன் கஞ்சி ஊட்டுனா மூணாவது ஸ்பூனுக்கு வாயத் தெறக்க மாட்டா. கறுப்பு புடிக்கலன்னது நெசம்தான். ஆனா இயுத்து உட்டா கொஞ்சம் சதை போட்ட மாரி கீறா. வயிறாரத் துன்னுட்டு எயுந்து வந்தவ மாரி கீறா. அத்தப் பாக்க சொல்லோதாம்மா எனுக்கு சோறு எறங்குது."

ஸ்கேல் என் கையிலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது. இதை முதல் நாளே வாய் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன? சொன்னால்தான் அவர் என் அப்பா இல்லையே. பென்டிரைவில் நான் போட்டுக்கொண்டு வந்ததை அழித்துவிட்டு, பழையதைத் திறந்து, நானே 'ஃபுல்' வைத்துக் கொடுத்தேன். ஸ்கேலை டிராயரில் போட்டுவிட்டு அவருக்குச் சாப்பாடு எடுத்துவைத்தேன்.

தலைத்திதியன்று இருபது பேர் ஹாலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். படம் ஓடியது. நான் நினைத்த மாதிரியே மாமியார் ஒரு தடவை டிவியையும் ஒரு தடவை தன் மகனையும் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி உதட்டைச் சுழித்தார். அப்போது என் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கச்சி, சத்தமாகவே கேட்டுவிட்டார்.

"ஏண்டி, அக்கா அப்ப இம்மாங் குண்டாவா இருந்துச்சு? ஒல்லியா இருந்த மாரிதான எனக்கு நெனப்பு?"

அப்பாவின் கை ரிமோட் பக்கம் போனது.

"ஆமா சித்தி" என்றேன். "அப்பல்லாம் அம்மா நல்லா சாப்பிடுவாங்க."