வசந்தா மேடம் சொன்ன ‘இல்ல’

அவசர சிகிச்சைப் பிரிவில் காலைப் பணி மாறும் நேரம். வரவேற்பிலிருந்து அழைத்தார்கள். “சிஸ்டர், நம்ம ஃபார்மசி வசந்தா மேடம் தவறிட்டாங்களாம். மாரடைப்பு.” போனை வைத்ததும் எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை ஏழு வருடமாக நான் சொல்லாமலே வைத்திருந்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் எங்கள் மருத்துவமனையின் மருந்தாளுநர் அவர். கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மருந்துப் பெட்டிகள் வந்து இறங்கினால் ஆளுக்குக் காத்திராமல் தாமே தூக்கிக்கொண்டு நடப்பார். “இது மருந்துச் சீட்டா, கோழி கெளறின மண்ணா சார்?” என்று பெரிய டாக்டரிடமே கேட்டவர். டாக்டரும் சிரித்துவிட்டுத் திரும்ப எழுதிக் கொடுத்தார்.

ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு பௌர்ணமி நாள். மதியம் ஒரு விவசாயியைத் தூக்கி வந்தார்கள். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கூட வந்த மனைவி, “மல்லாட்டைக்கு மருந்து அடிச்சாருங்க, கொல்லையிலயே சாஞ்சிட்டாரு” என்றார். நிலக்கடலை வயலில் அடித்த பூச்சிமருந்தின் விஷம். அதை முறிக்க அட்ரோபின் ஊசி வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு போதாது. எங்களிடம் இருந்ததைப் போட ஆரம்பித்த டாக்டர், “ஸ்டோர்ல இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா இப்பவே வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்” என்றார்.

நான் போனில் கேட்டேன். அந்தப் பக்கம் யாருக்கோ மாத்திரை எண்ணிக்கொண்டே வசந்தா மேடம், “அட்ரோபினா? நெறஞ்சிருக்கு சிஸ்டர்” என்றார்.

“நிறைய இருக்கு சார்” என்று டாக்டரிடம் சொன்னேன்.

எங்கள் வட்டாரத்து வீடுகளில் அரிசியோ உப்போ தீர்ந்துபோனால் ‘இல்லை’ என்று வாயால் சொல்ல மாட்டோம். ‘நெறஞ்சிருக்கு’ என்போம். வேலை மும்முரத்தில் அவர் வாயில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. கையிருப்பு தீர்ந்தபோதுதான் ஸ்டோரில் வெறும் அட்டைப்பெட்டி இருப்பது தெரிந்தது. வேறு மருத்துவமனையிலிருந்து மருந்து வாங்கி வர அனுப்பிய ஊழியர் கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோவை விட்டிறங்கி ஓடி வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது அந்த மனிதர் இறந்துவிட்டிருந்தார். “மருந்து இருக்குதுன்னு சொன்னீங்களே சிஸ்டர்” என்று அவர் மனைவி என்னைக் கேட்டார். கத்தவில்லை. சும்மா கேட்டார். அந்தக் குரல் இன்றும் போன் மணிக்கு முன்னால் எனக்குக் கேட்கிறது.

விசாரணையில் வசந்தா மேடம் மழுப்பவில்லை. “நான்தான் அப்படிச் சொன்னேன். ஆஸ்பத்திரியில சொல்லக் கூடாத வார்த்தை. சிஸ்டர் டவுன்காரங்க, அவங்களுக்கு எப்படிப் புரியும்?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் அம்மாவும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். போனில் கேட்டபோதே ஒரு கணம் எனக்கு உறுத்தியது. திரும்பக் கேட்க நேரமில்லை என்று நினைத்தேன். நேரம் இருந்தது.

அதன் பிறகு அவர் தினமும் காலையில் எங்கள் பிரிவுக்கு வந்து, விஷமுறிவு மருந்து அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றையும் கையால் தொட்டு எண்ணுவார். இல்லாததை அறை முழுக்கக் கேட்கும்படி “இல்ல” என்பார். “காலங்காத்தால என்னா மேடம், இல்ல இல்லன்னுட்டு?” என்று நர்சுகள் முகம் சுளித்தார்கள். “இல்லாதத இல்லன்னு சொன்னா ஒண்ணும் கொறஞ்சிடாதும்மா” என்பார். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே எல்லாம் வந்தாக வேண்டும் என்று போனிலேயே சண்டை போடுவார். ஒருமுறை அடி அண்ணாமலையிலிருந்து பாம்பு கடித்த பெண் ஒருவர் வந்தார். மருந்து போதாது. “இல்ல சார், அனுப்புங்க” என்று மேடம் சொன்ன வேகத்தில் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். எல்லோரும் மேடத்தைப் பாராட்டினோம். அவர் மட்டும் அன்று மதியம் சாப்பிடவில்லை.

செய்தி வந்த அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் கணவர் நின்றிருந்தார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். என்னை யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

“அந்த சிஸ்டர் நீங்கதானா? உங்களப் பத்திதான் அடிக்கடி சொல்வா. பாவம், அந்தப் பொண்ணுக்கு நம்ம பேச்சு தெரியாது, என்னால அவளும் பழி சுமக்கிறாளேன்னு. நெஜமாவே தெரியாதாம்மா?”

“தெரியுங்க” என்றேன். “எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்வோம்.”

அவர் திட்டுவார் என்று நின்றேன். “இத அவகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

கண்ணாடிக்குள் வசந்தா மேடத்தின் நெற்றி நிறையத் திருநீறு. எண்ணி எண்ணிக் காய்த்துப்போன விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். போய் வாருங்கள், மேடம். அந்தப் பழியை மட்டும் இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். அது என்னுடையது.