வெட்டிக் குறைத்த நுனி

அந்தக் குளிர்காலம் முழுவதும் சிஞ்ஞோராவுக்கும் எனக்கும் ஒரே யோசனைதான். ஆனி மாதம் எப்படியாவது நோர்வேக்குப் போய்ச் சேர வேண்டும். அவருக்கு அங்கே ஒரு ஆறு இருந்தது. எனக்கு அங்கே அக்கா இருந்தாள்.

சிஞ்ஞோரா என்றால் இத்தாலியனில் அம்மணி. அவர் பலெர்மோவில் வியா மக்வேதா வீதிக்குப் பின்தெருவில் மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். நான் பகலில் அவரைப் பார்த்துக்கொள்பவள். கணவர் உயிரோடிருந்த காலத்தில் இருவரும் கோடை தவறாமல் அந்த ஆற்றுக்குப் போய் சல்மன் பிடிப்பார்களாம். கணவர் செத்த பிறகும் சிஞ்ஞோரா தனியாகப் போய்வந்தார். பிறகு நடுக்கவாதம் வந்தது. வலது கை முதலில் நடுங்கியது, பின்னர் தோள் இறுகியது. அடுத்த கோடையைப் பற்றி டாக்டரிடம் கேட்டபோது அவர் மாத்திரையை மாற்றி எழுதினார். அன்று வீட்டுக்கு வந்ததும் சிஞ்ஞோரா, மீன் பிடிக்க ஆற்றை வாடகைக்கு விடும் ஆற்றுக்காரருக்கு போன் பண்ணி ஒரு வாரத்துக்கு இடம் பிடித்தார்.

"நீயும் வாறாய்," என்றார் என்னிடம். அவர் இத்தாலியனில் சொல்வதெல்லாம் என் ஞாபகத்தில் தமிழாகத்தான் கிடக்கிறது.

இலங்கையில் யுத்தம் முடிந்ததிலிருந்து அக்காவை நான் நேரில் கண்டதில்லை. இங்கே தங்குவதற்கான பெர்மெசோ கையில் இருந்தால் லீவு கிடைக்காது. லீவு கிடைத்தால் பெர்மெசோ கெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலகத்தில் புதுப்பிக்கக் கிடக்கும். இப்போதுதான் இரண்டும் ஒன்றாக அமைந்தன. ஆற்றங்கரைக்கே காரில் வருகிறேன் என்றாள் அக்கா. அதனால் சிஞ்ஞோராவின் தோளைப் பற்றி அவரைவிட எனக்கு அதிகம் கவலை.

அவருடைய தூண்டில் தடி ஆளைவிட இரண்டு மடங்கு நீளம். இரண்டு கையாலும் பிடித்து வீச வேண்டும். தடியில் ஓடுவது எங்கள் ஊர்த் தங்கூசி நைலோன் நூல் அல்ல, தடித்த லைன். அந்த லைனின் பாரம்தான் தூண்டில் முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சியைத் தூரத்துக்குக் கொண்டுபோகிறது. லைனின் முனையில் இன்னொரு துண்டு மாட்டுவார்கள். அதுதான் தண்ணீருக்குள் தாழும் நுனி. ஆனியில் பனி உருகி ஆறு நிறைந்து ஓடும், குளிரில் மீன் அடியிலேயே கிடக்கும் என்றார் சிஞ்ஞோரா. பாரமான நுனி போட்டால்தான் பூச்சி மீனின் முகத்துக்குப் போகும். ஆனால் பாரமான நுனியைத் தண்ணீரிலிருந்து கிளப்பத் தோளில் பலம் வேண்டும். லேசானதை எறிய முடிந்தாலும் அது மீனுக்கு மேலே சும்மா போய்வரும். இதுதான் எங்கள் சிக்கல்.

மாசி மாதத்தில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஆட்கள் இல்லை. கடல் குளம் போலக் கிடக்கும் காலைகளில் அவரை அங்கே கூட்டிப் போவேன். மார்பு வரை வரும் இறப்பர் காற்சட்டையை அவருக்குப் போட்டுவிடவே பெரும்பாடு. அவர் முழங்கால் தண்ணீரில் நிற்க, நான் பின்னால் நின்று இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொள்வேன். பழைய நீள லைன் கைக்கு அடங்கவில்லை. வீசிய இடத்திலேயே குவிந்து விழுந்தது. கட்டையான, பாரமான லைனுக்கு மாற்றினார். அது சிறு அசைவுக்கே பறந்தது. சிஞ்ஞோரா சிரித்தார். பிறகு அதில் பாரமான நுனியை மாட்டினார்.

கடலடியில் போய்க் கிடந்த நுனியைக் கிளப்ப அவர் தடியை உயர்த்தினார். தடி வளைந்ததே தவிர லைன் அசையவில்லை. "விடுங்கோ சிஞ்ஞோரா," என்றேன். கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பையே திருப்பி இழுத்தார். பட்டி என் கையிலிருந்து வழுகியது. பக்கவாட்டில் விழுந்தவரின் காற்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. முழங்கால் ஆழம்தான், ஆனாலும் அவரால் எழும்ப முடியவில்லை. நான் தண்ணீருக்குள் குந்தி அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கத்தினேன், தமிழில். நாயோடு நடந்து போன ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். மணலில் குந்தியிருந்து சிஞ்ஞோரா அழுதார். குளிரில் அழுகிறார் என்று முதலில் நினைத்தேன்.

"அதை எறிய ஏலாட்டி நான் அங்கை போய் என்ன செய்ய?" என்றார்.

பல்லரோச் சந்தையில் மீன் பெட்டி இறக்கும் என் கணவர் அன்று என்மேல் பாய்ந்தார். "உனக்கென்ன விசரே? அந்த மனிசி செத்துக்கித்துப் போனா ஆரைப் பிடிப்பினம்? உன்னைத்தான்."

"அக்காவைப் பாக்க வேணும்," என்றேன்.

நனைந்ததில் வந்த காய்ச்சல் விட்டதும் சிஞ்ஞோரா நுனிகளையெல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பச் சொன்னார். பாரமானதை எடுத்து வெகுநேரம் தடவிப் பார்த்தார். "பாதியாய் வெட்டு," என்றார். பாரமான சாமான், ஆனால் நீளம் குறைவு. நீளம் குறைந்தால் தண்ணீருக்குள் கிடப்பதும் குறையும், கிளப்பலாம். அவருடைய கை நடுங்கியதால் கத்தரிக்கோல் என்னிடம் வந்தது. அதைப்போல இன்னொன்று பலெர்மோ முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

"பிழைச்சுப் போச்செண்டால்?"

"பிழைக்கட்டும். வெட்டு."

வெட்டினேன். குளியல்தொட்டியை நிரப்பி அதைப் போட்டுப் பார்த்தோம். இரண்டு பேரும் தொட்டி விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு அது நேரே அடிக்குப் போவதைப் பார்த்தோம். அடுத்த முறை மொண்டெல்லோவில் அவர் உடனே வீசவில்லை. முதலில் லைனை முன்னால் மெல்ல உருட்டி, நுனியை மேலே மிதக்கவிட்டு, அது மறுபடி தாழ முன் வீசினார். போனது. பெரிய தூரமில்லை. எனக்கு அது நோர்வே வரை போனது போல இருந்தது. அன்றிரவே அக்காவிடம் டிக்கெட் போடப்போகிறோம் என்றேன்.

வைகாசிக் கடைசியில் சிஞ்ஞோரா சமையலறையில் விழுந்தார். கடலும் இல்லை, தடியும் இல்லை. கோப்பிக் கேத்தலை எடுக்கத் திரும்பினார், அவ்வளவுதான். இடுப்பெலும்பு உடைந்தது. மிலானிலிருந்து மகள் வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "அம்மா, இனி ஆறு இல்லை," என்றாள். கெட்ட மனம் கொண்டவள் அல்ல. சொன்னதும் அவளே வெளியே போய்ச் சுவரோடு நின்று அழுதாள்.

அன்றிலிருந்து சிஞ்ஞோரா வாயைத் திறக்கவில்லை. கதைக்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவார். தாதிமார் சேலைன் ஏற்றினார்கள். நான் கெஞ்சினேன், கோபித்தேன், ஒரு நாள் கரண்டியைத் தரையில் எறிந்தேன். அவரை நினைத்து அழுதேனா, எனக்காக அழுதேனா என்று எனக்கே தெரியாது. மகள் மிலானுக்குத் திரும்பிவிட்டாள், எனக்கு நோர்வேப் பாஷை தெரியாது, ஆற்றுக்காரரிடம் வரவில்லை என்று சொல்லவும் ஆளில்லை. கடைசியில் அக்காவைத்தான் கதைக்கச் சொன்னேன்.

"அப்ப நீ வரேல்லையோ?" என்றாள் அக்கா. பிறகு, "சரி, நான் சொல்லுறன்," என்றாள்.

அவள் போனில் சொல்லவில்லை. நாங்கள் இடம் பிடித்திருந்த வாரம் வந்தபோது காரை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கே போய்விட்டாள். காலையில் நான் சிஞ்ஞோராவின் முகம் துடைத்துக்கொண்டிருக்கையில் வீடியோ கோல் வந்தது. திரையில் அக்கா இல்லை. கறுத்த தண்ணீர் கரையை முட்டி ஓடியது. நான் போனை அப்படியே சிஞ்ஞோராவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இன்னும் கிட்டப் போகச் சொல்லு," என்றார்.

"அக்கா, கிட்டப் போகட்டாம்."

"சேறடி! வழுக்குது."

"அந்தக் கல்லுக்குப் பின்னாலை," என்றார் சிஞ்ஞோரா. "தண்ணி எந்தப் பக்கம் சுத்துது?"

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் காட்டினாள். இடப்பக்கம், வலப்பக்கம், பாலத்தடி எல்லாம் காட்டினாள். ஆறு இவ்வளவு நிறைந்திருந்தால் வெட்டியது காணாது, முழு நுனிதான் வேண்டும், அது என்னால் ஏலாது என்று சிஞ்ஞோரா கணக்குச் சொல்வது போலச் சொன்னார். குரலில் அழுகை இல்லை. சற்றுப் பொறுத்து, குடிக்க ஏதாவது தா என்றார். சூப்பில் பாதியைக் குடித்து முடித்துக் கண்ணை மூடினார்.

நான் போனை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு வந்தேன். இப்போது திரையில் அக்காவின் முகம். தலை நரைத்து, மூக்கு குளிரில் சிவந்து, பின்னால் அந்த ஆறு.

"மனிசி சாப்பிட்டவவோ?" என்றாள்.

"ஓம்."

"நீ?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். போய்ச் சாப்பிடு என்று அதட்டினாள். இருவருமே போனை வைக்கவில்லை.

சிஞ்ஞோரா அதன் பிறகு நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார், எனக்கு இன்னமும் அங்கேதான் வேலை. அக்காவும் நானும் இன்னும் நேரில் சந்திக்கவில்லை.