பழைய லென்ஸும் பதினாலு பேரும்

ஸ்டுடியோக்காரருக்குத் தெருவில் தாடைக்காரர் என்று பெயர். படம் எடுக்க யார் வந்து உட்கார்ந்தாலும் "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும்தான் மிச்சம். கோபம் வந்தால் மனைவியும் பக்கத்து வீட்டில் அந்தப் பட்டப்பெயரைத்தான் சொல்லுவாராம். கேட்டவர்கள் சொன்னது.

ஃபிலிம் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்த லேபை மூடிவிட்டார்கள். வேறு வழியில்லை, டிஜிட்டல் கேமரா வாங்க வேண்டியதாயிற்று. அதிலும் மனிதர் ஒரு பிடிவாதம் பிடித்தார். அவரிடம் ஒரு ஐம்பது எம்.எம். லென்ஸ் இருந்தது. இரும்பும் கண்ணாடியுமாகக் கையில் கனக்கும். அதை விடமாட்டாராம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி அந்த லென்ஸுக்குக் கேமரா தேடினார்.

மனைவியின் அக்கா புருஷன், அதாவது சகலை, வெளிநாட்டிலிருந்து போன் போட்டு யோசனை சொன்னார். யாரும் கேட்கவில்லை.

"தம்பி, ஜூம் லென்ஸோட செட்டா வாங்குங்க. முன்னாடி பின்னாடி நடக்கவே வேணாம், திருகினா போதும்."

"எனக்குக் கால் நல்லாத்தான் இருக்குண்ணே."

கடையில் பழைய லென்ஸ் கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு கேமரா கிடைத்தது. மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார். எதிர்ச்சாரித் தையல்காரர் ஊசியில் நூல் கோர்ப்பதுகூடப் பக்கத்தில் தெரிந்தது. தாடைக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"பழசுக்குப் புதுசா பலம் வந்துருச்சு பாத்தீங்களா?"

"பலமெல்லாம் இல்ல சார். உள்ள படம் பதியற சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது. ஓரத்தை வெட்டிட்டு நடுவை மட்டும் காட்டுது, அதான் கிட்டத் தெரியுது. உங்க ஸ்டுடியோ ரூமுக்கு அகலமாக் காட்டற லென்ஸ் ஒண்ணும் எடுத்துக்குங்க."

கடைக்காரர் சொன்னது காதில் விழுந்தது. மூளைக்குப் போகிற வழியில் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வாரம் சகலை குடும்பத்தோடு வந்தார். அவர் திரும்புகிற நாளில்தான் குடும்பப் படம் எடுக்க மாமனார் வீட்டு ஆட்கள் பதினாலு பேரும் ஸ்டுடியோவில் கூடினார்கள். சாயங்காலம் சகலைக்கு விமானம். மாமனாருக்கு உடம்பு சரியில்லை. அடுத்த முறை எல்லோரும் கூடும்போது அவர் இருப்பாரா என்பது எல்லோர் மனதிலும் இருந்தது, யார் வாயிலும் வரவில்லை. அந்தப் படம் அன்றைக்கே விழுந்தாக வேண்டும்.

மாமனாரை நடுவில் உட்காரவைத்து, மற்றவர்களைச் சுற்றி நிறுத்தி, தாடைக்காரர் வழக்கமான இடத்தில் நின்று கேமராவுக்குள் பார்த்தார். இதே லென்ஸில், இதே இடத்திலிருந்து, இதே குடும்பத்தை முன்பு ஃபிலிமில் எடுத்திருக்கிறார். இப்போது பாதிப் பேரைக் காணோம். பின்னால் போனார். இன்னும் போனார். முதுகு கதவில் இடித்தது. அப்போதும் இரண்டு மச்சினியும் சகலையும் வெளியே. கடைக்காரர் சொன்ன ஓரம் எது என்று அப்போதுதான் புரிந்தது.

"என்ன தம்பி, என்னைக் குடும்பத்தைவிட்டே தள்ளி வச்சுட்டீங்களா?"

"அக்கா சிரிக்கறா. ஏதாவது பண்ணித் தொலைங்க" என்று பல்லைக் கடித்தார் மனைவி.

சகலை தன் போனை நீட்டினார். "இதுல எடுங்க, அகலமா விழும்."

தாடைக்காரர் வாங்கி எடுத்தார். பதினாலு பேரும் விழுந்தார்கள். ஆனால் ஓரத்தில் நின்ற சகலை தண்ணீர் அதிகமான மாவு மாதிரி பக்கவாட்டில் பரவியிருந்தார். நடுவில் மாமனார் கடுகளவு. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்டுடியோ அகலத்துக்கு இருந்த கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்.

"எங்க போறீங்க?"

"தெருவுக்கு."

எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றார். இப்போது பதினாலு பேரும் கதவுச் சட்டத்துக்குள் அடங்கினார்கள். இடையில் சைக்கிள் போனது, ஆட்டோ போனது. தண்ணீர் கேன் வண்டிக்காரர் விஷயம் புரிந்து கொஞ்சம் தள்ளியே வண்டியைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்திக்கொண்டார். பின்னாலிருந்து ஹாரன் அடித்தவரிடம், "கண்ணு தெரியல? பெரியவரைப் படம் எடுக்கறாங்க" என்று அதட்டினார். அதைக் கேட்டு மாமனார் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கிளிக்.

சாயங்காலம் பெட்டியைத் தூக்கும்போது சகலை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, தெருவுல நின்னு எடுத்தீங்களே, அதை அனுப்புங்க. போன்ல எடுத்ததை அழிச்சுட்டேன்."

எல்லோரும் போனபின் மனைவி கேட்டார். "மழை வந்தா எங்க நிப்பீங்க?"

மறுநாள் தாடைக்காரர் கடைக்குப் போய் லென்ஸ் கேட்டார். ஆனால் கடையில் வைத்துப் பார்க்கமாட்டேன், என் அறையில்தான் பார்ப்பேன் என்றார். கடைக்காரர் அலுத்துக்கொண்டே இரண்டு லென்ஸோடு கூடவே வந்து, பெஞ்சின் ஓரத்தில் மாடலாக உட்கார்ந்தார். பதினெட்டு எம்.எம். லென்ஸில் அவர் கன்னம் ஊதியது. முப்பத்தைந்தில் ஆள் ஆளாகத் தெரிந்தார், பெஞ்சும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முழுசாக விழுந்தது.

"இதுதான் சார் உங்க பழைய ஐம்பது ஃபிலிம்ல காட்டின அளவு" என்றார் கடைக்காரர்.

முப்பத்தைந்தை எடுத்துக்கொண்டார். ஐம்பதை ஒற்றை ஆள் படத்துக்கு வைத்துக்கொண்டார். புது லென்ஸ் வாங்கியதைத் தாடைக்காரர் சகலையிடம் சொல்லவில்லை. மனைவி அக்காவிடம் சொல்லியிருந்தால்தான் உண்டு.