மேடமும் என் முகமும்

என் தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினார் மேடம். காலை நேரம். பெங்களூர் வைட்ஃபீல்டில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் வரவேற்புக் கூடம். கண்ணாடிக் கதவு வழியாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு லிஃப்டுக்கு ஓடுகிறவர்கள்கூட ஒரு கணம் நின்று பார்த்தார்கள். "என்ன இது மூஞ்சி? ராத்திரி தண்ணி போட்டியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சிரித்துக்கொண்டு, "கேஜிஎஃப்தானே நீ. உங்க வீட்ல இதெல்லாம் சகஜம்" என்றார். விரல்களை எடுத்தவர், கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து அவற்றைத் துடைத்துக்கொண்டார்.

அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். வாசலில் வைக்கும் பூவிலிருந்து வரவேற்பு மேசையில் உட்காரும் என் புடவையின் நிறம் வரை அவர் சொல்வதுதான். எல்லோரும் மேடம் என்றுதான் அழைப்போம். மற்றவர்களோடு ஆங்கிலம் பேசுவார். என்னிடம் மட்டும் தமிழ், திட்டுவதும் ஏவுவதும் அதில்தான். பாராட்ட வேண்டி வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். இப்போது எழுதும்போது வழக்கத்துக்காக 'அவர்' என்று எழுதுகிறேன். மனத்துக்குள் அவரை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை.

குடியைப் பற்றி அவர் சொன்னதுதான் அன்றைக்கு முழுதும் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. தாத்தா கேஜிஎஃப்பில், அதாவது கோலார் தங்கவயலில், சுரங்க வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியபின் அப்பா பெங்களூருக்கு வந்து, பொம்மனஹள்ளியில் வீடு பிடித்து எங்களை வளர்த்தார். ஞாயிறு தவறாமல் சபையில் பாட்டு நடத்துகிறவர் அவர். எங்கள் வீட்டு வாசற்படியை ஒரு சாராயப் பாட்டில்கூடத் தாண்டியதில்லை. சுரங்கத்துக்காரர்கள் என்றால் குடிகாரர்கள் என்ற பேச்சைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஆனால் அதை என் முகத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் சொன்னதில்லை.

முப்பதைத் தாண்டியபின் தொடங்கியது அந்தத் தொந்தரவு. சூடாக ரசம் சாப்பிட்டாலும், பஸ் நிறுத்தத்தில் வெயிலில் நின்றாலும், யாராவது குரலை உயர்த்தினாலும் கன்னமும் மூக்கும் காய்ச்சல் வந்ததுபோலக் கொதிக்கும். என் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியாது, தாமிரம் கறுத்ததுபோல இருக்கும். நாளடைவில் அந்தக் கறுப்பு தங்கிவிட்டது. அதன்மேல் சின்னச் சின்னக் கட்டிகள், சிலவற்றில் சீழ். இந்த வயதில் என்ன பரு என்று பார்த்தவர்களெல்லாம் கேட்டார்கள். பருவுக்கான சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது.

மறுநாள் மேடம் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு ஒரு சின்ன ட்யூபை நீட்டினார். "ராத்திரி படுக்கும்போது லேசா பூசு. எங்க பார்லர்ல குடுத்தது. யார்கிட்டயும் போய்க் கேட்டுட்டு நிக்காத." பூசினேன். ஒரு வாரத்தில் கட்டிகள் அமுங்கி, தோல் பளபளவென்று வெளுத்து, என் முகம் எனக்கே பிடித்துப்போயிற்று. வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தபோது மேடம் என் தோளில் கைவைத்து ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்தினார். ட்யூப் தீர்ந்ததும் மருந்துக் கடையில் நானே வாங்கினேன். டாக்டர் சீட்டு எங்கே என்று கடைக்காரர் கேட்கவில்லை.

அது எத்தனை மோசமான மருந்து என்பது விட நினைத்தபோதுதான் தெரிந்தது. இரண்டு இரவு பூசாமல் இருந்தால் முகம் பழையதைவிட அதிகமாகப் பொங்கும். பூசினால் அடங்கும். அப்படியே மாதங்கள் போயின. தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து, உள்ளே நரம்புகள் நூல்நூலாகத் தெரிந்தன. வாயைச் சுற்றியும் கட்டிகள் வந்தன. கடைசியில் களிம்பும் கேட்காமல் போயிற்று. அப்படி ஒரு காலையில், விருந்தாளிகள் வருவதற்குச் சற்றுமுன், செக்யூரிட்டிக்காரர்கள் நின்றிருக்கும்போதே மேடம் என்னை மேசையிலிருந்து எழுப்பினார். "இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நீ இங்க உக்காரக் கூடாது. கீழ போ." கீழே என்றால் பேஸ்மென்ட். கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், காகிதக் கட்டுகளும் பேனா டப்பாக்களும் வைக்கும் ஒரு ஸ்டோர் ரூம். அங்கே ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். டீ போடும் பேன்ட்ரியில் பொதுக் கோப்பையை நான் எடுக்க வேண்டாம் என்றும் மேடம் சொல்லி அனுப்பினார், யாருக்காவது ஒட்டிக்கொள்ளுமாம்.

அம்மா கொதித்துப்போனாள். "விட்டுத் தொலைடி அந்த வேலைய. மூஞ்சியப் பாத்து வேல குடுக்கற எடம் இன்னா எடம்?" ஆனால் அம்மாவுக்கு அழுவதற்கும் திட்டுவதற்கும் நடுவே காரியமும் ஓடும். அடுத்த நாளே என்னைத் தோல் மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

அந்த டாக்டரம்மாவும் இனிமையான மனுஷி இல்லை. ட்யூபைக் கையில் வாங்கிப் பார்த்ததும் அவர் முகம் கடுகடுத்தது. "யார் குடுத்தா இத? ஸ்டீராய்டு. முகத்துல மாசக்கணக்கா பூசறதா இது?" பிறகு என் முகத்தைத் தொடாமல் விளக்கடியில் வெகுநேரம் பார்த்தார். "உங்களுக்கு இருக்கறது ரோசேசியா, மூஞ்சி அடிக்கடி சூடேறிக் கட்டி வர்ற தோல் வியாதி. நம்ம கலர்ல அது வராதுன்னு நெனச்சுக்கிட்டு யாரும் கண்டுபிடிக்கறதில்ல. அதுமேல இந்தக் க்ரீம் வேற. க்ரீமை நிறுத்தணும். நிறுத்தினா முதல்ல இன்னும் மோசமாகும், சொல்லிட்டேன். பயந்துக்கிட்டு திரும்ப எடுத்துப் பூசினா என்கிட்ட வராதீங்க."

அவர் எழுதிக் கொடுத்தது டாக்ஸிசைக்ளின். ஆன்டிபயாட்டிக் என்றதும் நான் பயந்தேன். சளிக் காய்ச்சலுக்கு நாலைந்து நாள் கொடுப்பார்களே, அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் குடல் வெந்துவிடாதா என்று கேட்டேன். டாக்டர் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "கிருமியக் கொல்ல இத நான் குடுக்கல. அதுக்கு இந்த அளவு பத்தவே பத்தாது. இதே மருந்து கொஞ்சமா போனா தோல்ல இருக்கற அழற்சிய அடக்கும். அதுக்குத்தான் நாப்பது மில்லிகிராம், மெதுவா கரையற கேப்ஸ்யூல், காலைல ஒண்ணே ஒண்ணு. கடைல நூறு குடுத்தா வாங்காதீங்க. அவ்வளவு தேவையில்ல. மாசக்கணக்கா அதச் சாப்பிட்டா வயித்துத் தொந்தரவும் கூடும், நாளைக்கு நிஜமா ஒரு கிருமி வந்தா மருந்து வேலை செய்யாமப் போகலாம்."

அம்மா எனக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவந்தாள். அதையும் இதையும் சேர்த்து விழுங்கக் கூடாது, பாலோடும் வேண்டாம், சில மணி நேரம் தள்ளியே இருக்கட்டும் என்றார். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது, படுத்தால் உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், குடையும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் வெளியே போகக் கூடாது என்றார். "கல்யாணம் ஆயிடுச்சா? கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா?" இல்லை என்றேன். "அப்படி ஒரு எண்ணம் வந்தா மாத்திரைய நிறுத்திட்டு மொதல்ல என்கிட்ட வாங்க." எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். "கட்டி போயிடும். அந்த நெறம் முழுசா போகும்னு நான் சொல்லல."

களிம்பை நிறுத்திய முதல் வாரங்களை நினைத்தால் இன்றைக்கும் தோல் கூசுகிறது. முகம் வீங்கி, நீர் கசிந்து, தலையணை உறை பட்டாலே துடித்தேன். துப்பட்டாவால் மூக்குவரை மூடிக்கொண்டு அலுவலகத்தின் ஷட்டில் பஸ்ஸில் போனேன். பேஸ்மென்டில் யாரும் என்னைப் பார்க்க வேண்டியதில்லை என்பதற்காக அந்த இருட்டறையை நான் விரும்பத் தொடங்கியதுதான் எனக்கு நேர்ந்ததிலேயே பெரிய அவமானம். ஒருநாள் மேடம் பேனா எண்ணிக்கை கேட்க வந்தவர் மேசையில் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் படித்தார். "ஆன்டிபயாட்டிக்கா? அப்போ இன்ஃபெக்‌ஷன்தான். நான் சொன்னேன்ல." இல்லை மேடம், இது கிருமிக்கு இல்லை, ஒட்டிக்கொள்ளும் வியாதியும் இல்லை என்றேன். "நான் குடுத்த க்ரீம்ல நல்லாத்தான் இருந்த. எவளோ ஒரு டாக்டர்கிட்ட போய் கெடுத்துக்கிட்ட. கிட்னி போனதும் வந்து லீவு கேக்காத" என்று அட்டையை மேசைமேல் எறிந்துவிட்டுப் போனார்.

ஒருமுறை எங்கள் பக்கத்து மருந்துக் கடையில் நாற்பது இல்லை. "நூறு இருக்கும்மா. அதே மருந்துதான், பவர் ஜாஸ்தி, சீக்கிரம் கேக்கும்" என்று கடைக்காரர் நீட்டினார். சீக்கிரம் என்ற சொல்லுக்கு நான் எப்படி ஏங்கியிருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. கை நீண்டும்விட்டது. பிறகு வெளியே வந்து டாக்டருக்குப் போன் செய்தேன். "வேண்டாம். கிடைக்கற வரைக்கும் சும்மா இருங்க. ஒண்ணும் ஆகாது" என்று வைத்துவிட்டார். சும்மா இருந்தேன். அம்மா ஆடுகோடி வரை போய் வேறொரு கடையில் வாங்கிவந்தாள்.

மழைக்காலம் முடிகையில் கட்டிகள் ஒவ்வொன்றாக வற்றின. சீழ் நின்றது. கன்னத்தில் ஒரு மங்கலான தாமிர நிறம் மட்டும் மிச்சம். டாக்டர் பார்த்துவிட்டு, "இனி மாத்திரை வேண்டாம், பூச்சு மருந்து போதும்" என்றார். மேடமிடம் போய் என் இடத்தைக் கேட்டேன். முகம் சரியானால் மேலே வரலாம் என்று அவர்தான் ஆள்விட்டுச் சொல்லியிருந்தார். "அங்க வேற பொண்ணு செட் ஆயிட்டா. நீ கீழயே நல்லாத்தான இருக்க?" என்றார், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் புதுப் பெண்ணின்மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. நல்ல குரல், ஓயாத சிரிப்பு. நெற்றியில் இரண்டு மூன்று பருக்கள் இருந்தன, அந்த வயதில் எல்லோருக்கும் இருப்பவைதான். சில வாரம் கழித்துப் பார்த்தபோது பருக்கள் இல்லை. முகம் பளபளவென்று வெளுத்திருந்தது. அந்தப் பளபளப்பை எனக்குத் தெரியும். பேன்ட்ரியில் அவளைத் தனியே பிடித்து, "மேடம் ட்யூப் குடுத்தாங்களா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். விட்டுவிடு, இப்போதே டாக்டரைப் பார், என் முகத்தைப் பார் என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக மேடம் அறைக்குப் போனாள்.

என்னையும் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தே வைத்திருந்தார் மேடம், வெளியே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக. "சீட்டு போயிடுச்சுன்னு வயித்தெரிச்சல். அதுக்கு அந்தப் பொண்ண பயமுறுத்தறியா? உன் அழுகின மூஞ்சிக்கு நான் காரணமா?"

"காரணம்தான் மேடம்" என்றேன். "எனக்கு வியாதி இருந்துச்சு, அது உங்களால வரல. அதக் கெடுத்தது நீங்க குடுத்த ட்யூப். குடிகாரின்னு சொன்னீங்க, ஒட்டுவாரொட்டின்னு சொன்னீங்க. இப்ப இந்தப் பொண்ணுக்கும் குடுத்திருக்கீங்க. தெரியாம குடுத்திருந்தா, இப்ப தெரிஞ்சுக்குங்க."

"கெட் அவுட்" என்றார். பாராட்டுக்கென்று வைத்திருந்த ஆங்கிலத்தில் அவர் என்னைத் திட்டியது அது ஒருமுறைதான். அந்த மாதமே வேலையை விட்டேன். தடுப்பவர் யாரும் இல்லை. என்னோடு தினமும் ஷட்டிலில் வந்தவர்கள்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அந்தப் பெண் பின்னால் ஒருநாள் போன் செய்தாள். முகம் பொங்கிவிட்டது என்று அழுதாள். என் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவளுக்கு ரோசேசியா இல்லை, களிம்பு செய்த கேடு மட்டும்தான். சீக்கிரமே தேறினாள். அன்றைக்கு என் பேச்சைக் கேட்காததற்கு மன்னிப்புக் கேட்டாள். அவள்மேல் எனக்கு ஒரு சொட்டுக் கோபமும் இல்லை என்று சொன்னேன், உண்மையும் அதுதான். கோபம் முழுதும் வேறிடத்தில் இருந்தது.

இப்போது ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வெயில் காலத்தில் கன்னம் சூடேறும், சில சமயம் இரண்டு கட்டிகள் எட்டிப்பார்க்கும், போய்விடும். போன மாதம் மெட்ரோவில் கூட்டம் குறைவான பெட்டியில் ஏறினேன். எதிர் இருக்கையில் மேடம். தலை நன்றாக நரைத்திருந்தது. நான் முகத்தைத் திருப்புவதற்குள் கண்டுகொண்டார். பக்கத்தில் காலியான இடத்துக்கு வந்து உட்கார்ந்து, என் முகத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"அட, ஸ்கின் எவ்வளவு நல்லா ஆயிடுச்சு! நான்தான் அப்பவே சொன்னேன்ல, நல்ல டாக்டராப் பாருன்னு" என்றார். அத்தனை வருஷத்தில் தமிழில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல்முறை.

"நீங்க அப்படிச் சொல்லல மேடம். நீங்க ட்யூப் குடுத்தீங்க. அப்புறம் பேஸ்மென்டுக்கு அனுப்பினீங்க."

அவர் புன்னகை அப்படியே நின்றது. "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லையே."

"எனக்கு இருக்கு" என்றேன்.

அடுத்த நிலையம் வந்தது. நான் எழுந்து வேறு இடம் தேடவில்லை. அவர்தான் எழுந்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.