உயர்த்திக் கட்டிய ஜீப்

அந்த ஜீப்பை உயர்த்தியது முறையான வேலை அல்ல என்று பிற்காலத்தில் மூன்று பேர் எனக்கு விளக்கிச் சொன்னார்கள். மூவரும் படித்தவர்கள். நான் எட்டாவது வரை போனவன். எதிர்த்துப் பேசும் பழக்கமும் எனக்கு இல்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் யாருக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. வேலையைச் செய்தவன் நான்தான். மறுபடி செய்யச் சொன்னாலும் அப்படித்தான் செய்வேன்.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராணுவம் கழித்துப்போட்ட ஜீப்புகள் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்தன. காத்திவாக்கத்துக்கு அப்பால் ஒரு குப்பத்தில் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளும் அவளோடு மீன் விற்கும் நான்கு பெண்களும் சேர்ந்து அப்படி ஒரு ஜீப்பை வாங்கினார்கள். திருவொற்றியூரில் ஒரு லாரி பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த என்னை, "நீதான்டா ஓட்டணும், நீதான் ரிப்பேர் பாக்கணும்" என்று பிடித்துக்கொண்டார்கள். என் முன்னால் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து நின்றால் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

அவர்களுக்கு ஜீப் எதற்கு என்றால், அந்தக் குப்பத்துக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழி. ரோட்டுக்கு வர வேண்டுமானால் கழியைத் தாண்ட வேண்டும். தண்ணீர் வற்றும் நேரத்தில் முழங்கால் ஆழம்தான், ஆனால் அடியில் சேறு. பெண்கள் இறால் கூடைகளைத் தலையில் வைத்து அதில் நடந்து வருவார்கள். அக்கரையில் ராயபுரத்து மீன் வியாபாரி ஒருவர் லாரியோடு காத்திருப்பார். அவருக்கு அவசரமே கிடையாது. வெற்றிலை போடுவார், லாரி நிழலில் உட்காருவார். வெயில் ஏறி இறாலின் தலை கறுக்கத் தொடங்கியதும் எழுந்து வந்து விலை சொல்வார். வேறு வண்டி இல்லை, கொடுத்தாக வேண்டும். ஜீப் கழியைத் தாண்டிவிட்டால் இறால் விடியற்காலையிலேயே ராயபுரம் ஏலத்துக்குப் போகும். தாண்டாவிட்டால் அவர் வைத்ததுதான் விலை.

முதல் தடவை நடுக்கழியில் மாட்டிக்கொண்டோம். சக்கரங்கள் சுற்றின, வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. வியாபாரி கரையிலிருந்து கூவினார்.

"இன்னா நைனா, வண்டியக் குளிப்பாட்டுறியா? சோப்பு குட்த்தனுப்பட்டா?"

அக்கா இடுப்பு வரை சேற்றில் நின்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தாள். "நல்லா சிரி. வாய்ல ஈ பூந்துக்கப் போவுது" என்றாள். நான் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகத் தள்ளிக் கரையேற்றி, திருவொற்றியூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து அடியில் படுத்துப் பார்த்தேன். வண்டியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த இரும்புப் பட்டைகள் பழசாகித் தொய்ந்திருந்தன. அதோடு அந்தப் பட்டைக் கட்டு, சக்கரங்களை இணைக்கும் அச்சுக்குக் கீழே தொங்கியது. கூடைகளை ஏற்றினால் அது சேற்றை ஏர் மாதிரி உழுதது. வண்டியை உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அவ்வளவு உயரத்துக்குத் தூக்கும் ஜாக்கி என்னிடம் இல்லை. அக்காவின் புருஷன் தன் ஆட்கள் ஏழு பேரோடு சவுக்குக் கம்புகளும் கயிறும் கொண்டுவந்தார். கரை சேர்ந்த கட்டுமரத்தை அவிழ்த்து, ஈர மரத்தைக் கயிற்றில் கோத்துக் கம்பில் தோள்கொடுத்துத் தூக்குவார்களே, அதே முறையில் ஜீப்புக்கு அடியில் கயிறு கொடுத்து, "ஏலேலோ" என்று ஒரு குரல், தூக்கிவிட்டார்கள். அடியில் நான் மரக்குற்றிகளை அடுக்கினேன். தெருவே வாசலில் கூடிவிட்டது.

இங்கேதான் நான் ஒரு பெரிய தப்பைச் செய்தேன். லாரியில் பட்டைக் கட்டு அச்சின் மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்து நீளமான போல்ட்டால் இறுக்கினால் வண்டி உயரும். பட்டறையில் எத்தனையோ லாரிகளுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். வேலங்கட்டையில் நான்கு விரல் கனத்தில் நான்கு துண்டுகள் அறுத்து, கொல்லரிடம் போல்ட்டை வளைத்து வாங்கி, இரண்டு நாள் பாடுபட்டு மாட்டினேன். குற்றிகளை எடுத்து வண்டியை இறக்கினோம்.

ஜீப் முன்னிருந்ததைவிட நான்கு விரல் தாழ்ந்து உட்கார்ந்தது.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "டேய் தம்பி, ஒசத்தச் சொன்னா எறக்கி வுட்டுக்கீறியே."

வியாசர்பாடியில் எனக்கு ஒரு தோஸ்து. ரயில்வே பட்டறையில் வெல்டிங் வேலை. அன்று வேடிக்கை பார்க்க வந்திருந்தவன் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "மாமு, அடை காக்கிற கோழி மாரி குந்திகினு கீதுடா!"

ஜீப்பில் பட்டை அச்சுக்குக் கீழே தொங்குகிறது. நடுவில் கட்டை வைத்தால் பட்டை இன்னும் கீழே போகும், அதோடு சேர்ந்து வண்டியும் போகும். அடியில் படுத்து என் கண்ணாலேயே பார்த்ததுதான். ஆனால் கை லாரி வேலையே செய்து பழகிய கை. கண் சொன்னதைக் கேட்கவில்லை.

செய்தி ரோட்டோடு போய்ச் சேர்ந்தது. மறுநாள் வியாபாரியின் லாரி எங்கள் வாசலில் நின்றது. அவர் இறங்கவில்லை, கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"இன்னும் நாலு வெரல் எறக்கு நைனா, படகாப் பூடும். கடல்ல வுட்டுரலாம்." பிறகு குரலைத் தணித்து, "நீ லாரி வேல கத்தவன். இன்னாத்துக்கு இந்தப் பொம்பளைங்க கூட பேஜாரு? எங்கிட்ட வந்துடு" என்றார்.

எனக்கு முகம் சுட்டது. கையிலிருந்த ஸ்பேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி போனதும் அடியில் படுத்து முதல் போல்ட்டைக் கழற்றினேன். பட்டறைக்கு வரச் சொல்லி மேஸ்திரி ஆள் அனுப்பினார். நான் போகவில்லை.

பட்டையை அச்சின் மேலேயே ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு அச்சின் மேல்புறம் பட்டை உட்கார இரும்பு இருக்கைகள் வேண்டும். இரண்டு அச்சுகளையும் கழற்றிக் கைவண்டியில் போட்டு, கேஸ் வெல்டிங் செய்யும் ஒரு கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தோஸ்து தன் லீவு நாளில் வந்து பற்றவைத்துக் கொடுத்தான்.

"தப்பாப் பூட்ச்சின்னா என்னியத் திட்டாத மாமு. மில்ட்ரிக்காரன் செஞ்சத மாத்துறோம்" என்றான்.

"மில்ட்ரிக்காரன் நம்ம கழில ஓட்டலயே" என்றேன்.

குறைகளை மறைக்கப் போவதில்லை. பிரேக் குழாய்கள் எட்டாமல் துணி காயப்போடும் கயிறு மாதிரி விறைத்து நின்றன. காயலான் கடையில் நீளமான லாரிக் குழாய் தேடி வாங்கிப் போட்டேன். வேகம் எடுத்தால் அடியில் ஓர் உறுமல் கேட்டது. ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் பலம் வேண்டும். படித்தவர்கள் மூவரும் சொன்னது இவற்றைத்தான். எல்லாம் உண்மை. ஆனால் வண்டி ஒரு சாண் உயர்ந்து நின்றது. பட்டை சேற்றில் இழுபடவில்லை. ஏறுவதற்கு அக்கா காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏணியும் ஒண்ணு செஞ்சுடுடா" என்றாள்.

முந்தின நாளே காலி வண்டியைக் குப்பத்துக்கு ஓட்டிப்போயிருந்தேன். கிழக்கு வெளுத்த நேரத்தில் பாரத்தோடு கழியில் இறங்கினோம். கூடைகளும் ஐந்து பெண்களும் பின்னால். நடுக்கழியில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் வந்தது. வண்டி திணறியது, நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. மெதுவாக, உறுமிக்கொண்டு, மறுகரையின் ஈர மணலில் ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

ஆனால் கழியிலிருந்து ரோட்டுக்கு ஏறும் ஒற்றைப் பாதையின் குறுக்கே வியாபாரியின் லாரி நின்றது. அவர் முன்னால் நின்றிருந்தார்.

"வண்டி ஸ்டார்ட் ஆவல நைனா. கொஞ்சம் வெயிட் பண்ணு" என்றார். வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அக்கா, "யோவ், தள்ளுய்யா!" என்று கத்தினாள். அவர் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

பாதைக்கு இடது பக்கம் உப்பளத்தின் மண்கரை. மாட்டுவண்டி ஏறாது. எந்த லாரியும் ஏறாது. நான் யாரையும் கேட்கவில்லை, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். ஜீப் கரையில் ஏறிச் சாய்ந்தது. உயர்த்திய வண்டி கவிழச் சுலபம் என்பது எனக்கும் தெரியும். அக்கா, "மேட்டுப் பக்கம் சாயுங்கடி!" என்று கூவினாள். காற்றில் சாயும் கட்டுமரத்தைப் பிடித்து நிறுத்த வெளியே சாய்ந்து தொங்குவார்களே, அது போல ஐந்து பேரும் ஒரு பக்கமாகத் தொங்கினார்கள். வியாபாரியின் தலைக்கு மேலாக, அவர் அண்ணாந்து பார்க்க, நாங்கள் கடந்து ரோட்டில் இறங்கினோம்.

ராயபுரத்தில் ஏலம் தொடங்குவதற்கு முன் கூடைகளை இறக்கினோம். இறாலில் சில இன்னும் துள்ளிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை வியாபாரியின் லாரி ஓரமாக நின்றது. பாதை திறந்திருந்தது. அவர் கையை நீட்டி, "போ நைனா, வழி கீது" என்றார்.

நான் மண்கரை மேலேயே ஏறிப் போனேன்.