கட்டைவிரலால் மூடிய சொல்

தெரியாத ஆங்கிலச் சொல் எதிர்ப்பட்டால் மாமா அதை இடது கட்டைவிரலால் மூடிவிடுவார். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு ஏறிய அகலமான விரல். சொல் முழுவதும் மறைந்துவிடும். அதற்கு முன்னால் இருப்பதைப் படிப்பார். பின்னால் இருப்பதைப் படிப்பார். நடுவில் என்ன வந்தால் வாக்கியம் ஓடும் என்று உதட்டை அசைத்துப் பார்ப்பார். ஏதாவது ஒன்று பொருந்திய பிறகுதான் விரலை எடுப்பார். அகராதியை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

மாமா என்றால் அக்காவின் கணவர். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மெக்கானிக். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் குழிக்குள் இரும்பு ஏணியில் ஏறி இறங்கியதில் இரண்டு முட்டியும் போய்விட்டன. அதே கம்பெனியில் நான் ஸ்டோர் ரூமில் இருந்தேன். பட்டப்படிப்பு முடித்தவன், அவர் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும்.

புதுக்கவிதைப் புத்தகங்களும் தடித்த ஆங்கில அகராதியும் என் அலமாரியில் இருந்தன. மாமாவிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று. பக்கத்துக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் சொல். இரண்டாவதில் அதே பொருள் தரும் சொல். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சொந்தக்காரன்’. மூன்றாவதில் எதிர்ப்பொருள், அது ‘எதிராளி’.

“சொந்தக்காரன் யாரு, எதிராளி யாருன்னு தெரிஞ்சா போதும் மச்சான். ஒரு ஆளைப் பத்தி வேற என்ன விசாரிக்கப் போறோம்?” என்பார்.

கம்பெனியில் அவருக்கு எதிராளி என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. டீ நேரத்தில் யாராவது சீண்டுவார்கள். “எதிராளி அண்ணே, மேனேஜருக்கு எதிராளி யாரு?”

“வேலை செய்யறவன்” என்பார் மாமா, கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அந்தப் பதில் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் சாப்பிடும்போது, ஒரு கட்டடத்திலிருந்து வந்த புகார்க் கடிதத்தை என்னிடம் நீட்டினார். சத்தம் ‘இன்டர்மிட்டன்ட்’ என்று எழுதியிருந்தது. எனக்குப் பொருள் தெரியும். ஆனால் தெரிந்ததைச் சட்டென்று வாய்விட்டுச் சொல்ல என்னால் எப்போதுமே முடிந்ததில்லை. தொண்டையைச் செருமுவதற்குள் அவர் விரலை வைத்துவிட்டார்.

“மெக்கானிக் வந்தா நின்னுடுது, போனா மறுபடி கேக்குதுன்னு அடுத்த வரியில இருக்கு. அப்ப விட்டு விட்டு வர்றது. எதிராளி, கன்டினியுவஸ். சரியா மச்சான்?”

“சரிதான் மாமா.”

“பாத்தியாடா?” என்றாள் அக்கா என்னிடம். “நீ அந்தத் தலகாணி புக்கைப் புரட்டி முடிக்கிறதுக்குள்ள இவர் சொல்லிட்டார்.”

கல்லூரியில் மூன்று வருடம் சொற்களோடு மல்லுக்கட்டியவன் நான். அவை வழியில் போகிற இவரைக் கூப்பிட்டுப் பேசுகின்றனவே என்று வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத்தில் ஒரு நாற்காலி காலியானது. புகார்க் கடிதங்களைப் படித்து ஆங்கிலத்தில் பதில் எழுதும் வேலை. யார் வேண்டுமானாலும் எழுத்துத் தேர்வு எழுதலாம் என்றார் மேனேஜர். நானும் மாமாவும் பெயர் கொடுத்தோம். டாக்டர் அவரை இனி ஏணி ஏறவே கூடாது என்று சொல்லியிருந்தார். அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் அவர் வேலையை விட வேண்டியதுதான். எனக்கோ ஸ்டோர் வேலையில் ஒரு குறையும் இல்லை. இது தெரிந்துதான் நான் பெயர் கொடுத்தேன்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமா நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “ஒரு பார்வை பாத்துடு மச்சான். தப்பு இருந்தா சொல்லு.”

பார்த்தேன். முந்நூறு சொற்களுக்கு மேல். கோணல் எழுத்து, ஆனால் எல்லாம் சரி. கடைசிக்கு முந்தைய பக்கத்தில் ‘அப்சலீட்’ இருந்தது. வழக்கொழிந்தது என்று பொருள். சொந்தக்காரன்: ப்ரெஷியஸ். எதிராளி: சீப்.

எப்படி என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் ஸ்டோரில் இரும்பு பீரோவின் மேல்தட்டில் சில பெட்டிகள் உண்டு. கம்பெனி தயாரிப்பதை நிறுத்திவிட்ட பழைய மாடல் பாகங்கள். தலைமை அலுவலகம் அனுமதி தராமல் தூக்கிப்போடவும் முடியாது என்பதால் அவற்றின்மேல் சிவப்பு மையில் ‘அப்சலீட்’ என்று முத்திரை குத்தி, பூட்டி, சாவியை மேனேஜர் வைத்திருந்தார். ஒரு பெட்டியை எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். பூட்டையும் கையெழுத்தையும் வைத்து மாமா அதை விலைமதிப்புள்ளது என்று முடிவுகட்டியிருக்கிறார்.

பேனா என் கையில்தான் இருந்தது.

“எல்லாம் சரியா இருக்கு மாமா” என்றேன்.

“நெஜமாவா? நீ சொன்னா சரி” என்று நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

தேர்வுத்தாளின் முதல் பத்தியிலேயே அந்தச் சொல் அடிக்கோட்டோடு நின்றது. பழைய லிஃப்ட் ஒன்றைப் பற்றிய பத்தி. அதைப் பார்த்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்று எழுதும்போதும் கூசுகிறது. இரண்டு பெஞ்சு தள்ளி மாமா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

நாற்காலி மாமாவுக்குத்தான் கிடைத்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “வார்த்தையில நீ கெட்டிதான். ஆனா உன் லெட்டரைப் படிக்க கஸ்டமர் டிக்ஷனரி வாங்கணும்பா. அவர் எழுதினது நாலே வரி, யாருக்கும் புரியும்” என்றார். அந்தச் சொல்லில் ஒரு மதிப்பெண்ணை இழந்தும் அவர் ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு மாமா வாரம் இரண்டு மூன்று பழைய கடிதங்களின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து என் அலமாரியில் வைக்க ஆரம்பித்தார். சில சொற்களுக்கு அடியில் பென்சில் கோடு. ஓரத்தில் சொந்தக்காரன், எதிராளி. ஜெயித்தவர் மார்தட்டுகிறார் என்று எனக்குக் கொதித்தது. ஒன்றையும் படிக்காமல் கசக்கிப் போட்டேன். மாமா அடுத்த வாரமும் வைத்தார்.

வேறு ஊரில் வேலை கிடைத்து நான் பெட்டி கட்டிய அன்று, சட்டைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டே அக்கா சொன்னாள்.

“அந்தப் பரீட்சைல ஏதோ ஒரு வார்த்தைடா. நோட்டுல தப்பா எழுதி வெச்சிருந்தாராம். அங்க முழுசா படிச்சுப் பாத்ததும் பிடிபட்டுப்போச்சு, மாத்தி எழுதிட்டேன்னு அன்னைக்கே சொல்லிச் சிரிச்சார். ‘மச்சான்கிட்ட காட்டினேன், ஸ்டோர்லயே இருக்கான், பாவம் அவனுக்கும் தெரியல போல. அவன்கிட்ட கேட்டுடாத, கூச்சப்படுவான். ஆபீஸ்ல இருந்து லெட்டர் கொண்டாந்து வைக்கிறேன், அவனே மெதுவா கத்துக்கட்டும்’னார்.”